உறைந்த ஏரியும் ஒரு தூண்டில் ரீலும்



பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல், எடைக்கல் முத்திரை, கடன் பாக்கி வசூல் என்று இந்த இதழில் எழுதி வந்த நாம், இம்முறை தூண்டில் ரீலைப் பற்றி எழுதப் போகிறோம். அதுவும் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கும் ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள் வாங்கும் ரீல். "மளிகை மொத்த வியாபாரிக்கு இதில் என்ன வேலை? அதுவும் புலால் உண்ணாதவர் அல்லவா?" என்று நம்மை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கனடா நாட்டில் டொரோண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் நம் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வெளியே தலை காட்ட முடியாத குளிர். விடிந்தால் கடை திறந்து பழகிய நமக்கு இரண்டு வாரம் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது சிறைவாசமாக இருந்தது. நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட மாப்பிள்ளை, "மாமா, வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. அங்கே நம் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். நானும் மீன் பிடிக்கப் போகிறேன், நீங்கள் கடையைப் பார்க்கலாம், வாருங்கள்" என்றார். கடை என்றதும் கிளம்பிவிட்டோம்.

முன்பாதி மளிகை, பின்பாதி தூண்டில்

யாழ்ப்பாணத்திலிருந்து 1990களில் அந்நாட்டுக்குப் போனவர் அந்தக் கடைக்காரர். வயது ஐம்பதை நெருங்கும். கடையின் முன்பாதியில் பால், ரொட்டி, அரிசி, பருப்பு, தேயிலை. பின்பாதியில் தூண்டில் சாமான்கள். தொட்டியில் உயிருள்ள இரை மீன். அவற்றை விற்கத் தனி உரிமம் வேண்டுமாம். சுவரில் வரிசையாக ரீல்கள், குட்டைக் கோல்கள், முள்கள், பனியில் துளை போடும் கருவிகள். குளிர்காலத்தில் முன்பாதியை விடப் பின்பாதிதான் கல்லாவை நிரப்புகிறது என்றார்.

ஏரி உறைந்த பிறகு மீன் எங்கிருந்து வரும் என்ற ஐயம் நமக்கு இருந்தது. அவர் விளக்கினார். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் கனம் குறைந்து மேலே வந்துவிடும். எனவே பனிக்கட்டி மேலே மிதக்கிறது, அடியில் உறையாத தண்ணீர் தங்குகிறது, அதில் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. பனியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, இரண்டு இரண்டரை அடிக் குட்டைக் கோலைக் கையில் பிடித்து, துளை வழியே இரையை இறக்குவார்கள். தூர வீசும் வேலை இல்லை. நேரே கீழே இறக்க வேண்டும், நேரே மேலே தூக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் ரீல் விஷயம் புரியும்.

நான்கு கேள்விகள்

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரர் இரண்டு சிறுவர்களோடு உள்ளே வந்தார். ஆலைத் தொழிலாளி போலத் தோன்றியது. பிள்ளைகளை முதல் முறையாகப் பனியில் மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறாராம். சுவரில் மேல் வரிசையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். 160 டாலர் விலை. பெட்டியின் மேல் "11 பேரிங்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

நம் கடையாக இருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கையில் கொடுத்திருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. நான்கு கேள்விகள் கேட்டார்.

முதல் கேள்வி: என்ன மீனுக்குப் போகிறீர்கள்? பெர்ச் என்று பதில் வந்தது. அது கையளவு மீன்.

இரண்டாவது: எவ்வளவு ஆழம்? ஏரியின் தென்கோடியில் உள்ள குக்ஸ் வளைகுடாவில் பதினைந்து, இருபது அடி.

மூன்றாவது: திறந்தவெளியா, குடிசையா? வாடகைக் குடிசை, உள்ளே சூடேற்றும் அடுப்பு உண்டு.

நான்காவது: வீட்டில் கோடைக்கால ரீல் ஏதாவது இருக்கிறதா? சிறிய ஸ்பின்னிங் ரீல் ஒன்று இருக்கிறது.

அதன் பிறகு நம் கடைக்காரர் 11 பேரிங் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். பெரிய பையனுக்கு ஒரு சாதாரண இன்லைன் ரீல், வீட்டில் இருக்கும் ரீலில் பொருத்த ஒரு சிறிய சுழல் வளையம், கொஞ்சம் இரை. மொத்தம் 48 டாலருக்குப் பில் போட்டார்.

அவர்கள் போனதும், "தம்பி, கைக்கு வந்த வியாபாரத்தை விட்டுவிட்டீர்களே!" என்று கேட்டோம்.

"ஐயா, அந்தாள் கேட்டதைக் குடுத்திருந்தால் இண்டைக்கு எனக்குக் காசு. நாளைக்கு ஆராவது அவருக்குச் சொல்லுவினம், உனக்குத் தேவையில்லாத சாமானை உன்ர தலையில கட்டிப் போட்டான் எண்டு. பிறகு ரீலுக்கு மட்டுமில்லை, பாலுக்கும் பாணுக்கும் வேற கடைக்குப் போவார்" என்றார்.

பொட்டலம் கட்டும் நூல் சொல்லும் கணக்கு

வந்தவருக்கு ஏன் இன்லைன் ரீல் கொடுத்தார் என்பதை நம் மொழியில் சொல்கிறோம்.

நம் பழைய கடைகளில் பொட்டலம் கட்டும் நூல்கண்டை ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, மேலிருந்து தொங்கவிட்டிருப்போம். கண்டு அசையாது, நூலை மட்டும் ஒரு முனையிலிருந்து இழுப்போம். அப்படி இழுத்த நூல் முறுக்கேறிச் சுருண்டு கொள்வதைக் கட்டிப் பழகிய கை அறியும். ஸ்பின்னிங் ரீலின் அமைப்பும் அதுதான். நரம்பு சுற்றியிருக்கும் உருளை நிலையாக நிற்கும். ஒரு வளைகம்பி அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு விழும்.

காற்றாடி விடும் பிள்ளைகள் வைத்திருக்கும் உருளை வேறு வகை. உருளையே உருண்டு நூலை விடும், உருண்டே சுற்றிக்கொள்ளும். முறுக்கு விழாது. இன்லைன் ரீல் இந்த வகை.

கோடையில் தூர வீசிப் பிடிக்கும்போது முறுக்கு பெரிய குறையாகத் தெரிவதில்லை. பனிக்கு அடியில் தண்ணீர் அலையில்லாமல் நிற்கிறது. ஒரு கிராம், இரண்டு கிராம் எடையுள்ள இரை நேராகத் தொங்குகிறது. நரம்பிலுள்ள முறுக்கு பிரியும்போது இரை பம்பரமாகச் சுற்றும். மீன் அருகில் வந்து பார்க்கும், சுற்றுவதைக் கண்டு விலகிப் போய்விடும். யாழ்ப்பாணத்துக்காரர் நரம்பைத் தங்கூசி என்றே சொன்னார். "தங்கூசி முறுகினால் மீன் திரும்பிப் போகும்" என்பது அவர் சுருக்கமாகச் சொன்ன பாடம்.

மதியத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் குடிசையில் இதைக் கண்ணால் பார்த்தோம். உரிமம் எடுத்திருந்தவர் அவர். நாம் வேடிக்கை மட்டுமே. ஒரே மாதிரி இரை, இரண்டு ரீல். அந்த ஏரியில் பனிக்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில் வரை போடலாம். துளைக்குள் குனிந்து பார்த்தால் ஸ்பின்னிங் ரீலின் இரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்லைன் ரீலின் இரை அசையாமல் நின்றது. அன்று கிடைத்த ஏழு மீனில் ஐந்து, அசையாத இரையைக் கடித்தவை.

அதற்காக ஸ்பின்னிங் ரீல் கெட்ட சரக்கு என்று முடிவு கட்டக் கூடாது. இரைக்கு ஓரிரண்டு அடி மேலே சுழல் வளையம் ஒன்றைக் கட்டினால் முறுக்கில் பெரும்பகுதி அங்கே பிரிந்துவிடும். அதனால்தான் அந்த மனிதருக்கு இரண்டாவது ரீல் விற்காமல் வளையம் விற்றார். மேலும், அதே ஏரியின் ஆழமான பகுதிகளில் ஏரி டிரவுட், வெள்ளைமீன் போன்ற பெரிய மீன்களுக்குப் போகிறவர்களுக்கு அவர் ஸ்பின்னிங் ரீலைத்தான் தருகிறார். அதற்குக் காரணம் டிராக்.

பெரிய மீன் பாய்ந்து இழுக்கும்போது நரம்பு அறுவதற்கு முன் உருளை வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிராக். பனித் தூண்டிலுக்கு 2 முதல் 6 பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்புதான் பெரும்பாலும் போடுகிறார்கள். கோடைக் கோல் ஆறு, ஏழு அடி நீளம். அது வளைந்து இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். குட்டைக் கோலுக்கு அந்தச் சக்தி குறைவு. அந்தப் பாரம் முழுவதும் டிராக்கின் மேல் விழுகிறது. நல்ல ஸ்பின்னிங் ரீலில் டிராக் வழுவழுப்பாக விட்டுக்கொடுக்கும். மலிவான இன்லைன் ரீல்கள் பலவற்றில் அது சண்டித்தனம் செய்யும். நின்று நின்று வெட்டி வெட்டி விட்டால் நரம்பு அறுந்துபோகும்.

ஆக, ஆழம் குறைந்த நீரில் சிறிய மீனுக்கு இன்லைன். ஆழமான நீரில் பெரிய மீனுக்கு நல்ல டிராக் உள்ள ஸ்பின்னிங். உருளை அகலமாக இருந்தால் நரம்பு சுருள்சுருளாக நிற்பது குறையும். குளிரில் நரம்பு விறைத்துப் போவதால் இதையும் பார்க்க வேண்டும். கோலோடு சேர்த்து ஒரு விரலில் நிறுத்தினால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். சமநிலை இருந்தால்தான் சிறு கடியும் கைக்குத் தெரியும். கைப்பிடிக் குமிழ், உறை போட்ட விரலுக்குப் பிடிபடும் அளவில் இருக்க வேண்டும்.

ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு சோதனை

இனி நாம் சொல்லப் போவதுதான் நமக்கு முக்கியமாகப் பட்டது.

ரீலுக்குள் பல்சக்கரங்கள் உண்டு. அவற்றுக்குத் தொழிற்சாலையில் கிரீஸ் தடவி அனுப்புகிறார்கள். கோடைக்கு ஏற்ற கெட்டியான கிரீஸாக இருந்தால் கடுங்குளிரில் இறுகிவிடும். நம் ஊரில் மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி சுற்றாமல் அழுத்தும்.

இன்னொரு கோளாறு அதைவிட மோசம். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்க, சிறு உருளைகள் கொண்ட ஒரு பிடிப்பு உள்ளே இருக்கிறது. கிரீஸ் அதில் இறுகினால் உருளைகள் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. மீன் மாட்டி, கோலைத் தூக்கும் அந்த நொடியில் கைப்பிடி பின்னோக்கி வழுக்கிவிடும். மீனும் போகும், சில நேரம் முழு நரம்பும் சிக்கிப் போகும். டிராக்கில் உள்ள கம்பளித் தட்டு ஈரமாகி உறைந்தாலும் தொல்லைதான். பனிக்குழம்பில் ரீலை வைப்பதும், வீட்டுக்குள் கொண்டுவந்த குளிர்ந்த ரீலில் வேர்க்கும் ஈரத்தைத் துடைக்காமல் பையில் போட்டு மறுநாள் குளிருக்குக் கொண்டுபோவதும் ரீலைக் கெடுக்கும் வழிகள்.

இவையெல்லாம் கடையின் சூடான அறையில் நின்று சுற்றிப் பார்த்தால் தெரியாது. எல்லா ரீலும் வெண்ணெய் போலச் சுற்றும். பேரிங் எத்தனை என்ற எண்ணும் இதைச் சொல்லாது.

எனவே கடைக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். புது ரகம் எதையும் கொள்முதல் செய்வதற்கு முன் ஒரு மாதிரியை வாங்கி, கடையிலுள்ள ஐஸ்கிரீம் பெட்டியில் இரவு முழுவதும் வைத்துவிடுவார். பெட்டியின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. ஏரியின் மேல் காலையில் இருக்கும் குளிரும் ஏறக்குறைய அதுதான். காலையில் எடுத்ததும் கைப்பிடியைச் சுற்றுவார், சட்டென்று பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார், டிராக்கை இழுத்துப் பார்ப்பார். தேறினால் கொள்முதல். தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார், அல்லது பழைய கிரீஸை எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் போட்டு விற்பார். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

நாற்பத்தொரு ரீல்

"இந்த யோசனை எப்படி வந்தது?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

2015ஆம் ஆண்டுக் குளிர்காலம். தூண்டில் சாமானில் அவர் புதியவர். ஒரு மொத்த வியாபாரி, சீசன் தொடங்குமுன் அறுபது ரீல் எடுத்தால் நல்ல கழிவு தருவதாகச் சொன்னார். கழிவைப் பார்த்தார், சரக்கைப் பார்க்கவில்லை. அறுபதும் விற்றன. பிப்ரவரியில் கடுங்குளிர் வந்தது. ஒன்று ஒன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. மொத்தம் நாற்பத்தொன்று.

மொத்த வியாபாரியிடம் போனார். பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாராம். விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது.

கடைக்காரர் தம் வாடிக்கையாளர்களிடம் அப்படி ஒரு விரலைக் காட்டவில்லை. நாற்பத்தொரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாத வாடகைக்கு மனைவியின் வளையல் போனது. "அந்த நாற்பத்தொரு பேரும் இப்பவும் என்ர கடைக்குத்தான் வருகினம் ஐயா. காலமை வந்தாரே, அந்தாளையும் அவையளில் ஒருத்தர்தான் அனுப்பினவர்" என்றார்.

அவர் இயல்பாகத்தான் சொன்னார். நம்மால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம் பில் புத்தகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தோம். சங்கத்தில் நம்மை மூத்தவர் என்று மதிக்கிறார்கள். மதிப்பவர்களிடம் மறைப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறோம்.

2008ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் கோடவுனின் ஒரு மூலை ஒழுகியது. நமக்குத் தெரியும். அந்த மூலையில் இருந்த துவரம்பருப்பு மூட்டைகளை இடம் மாற்றி உலர்த்தச் சொன்னோம். முழுவதும் உலர்ந்ததா என்று பார்க்கவில்லை. அதில் பன்னிரண்டு மூட்டை ஒரு சிறு மளிகைக் கடைக்காரருக்குப் போனது. பத்து நாளில் வந்தார். அடியில் பூசணம், வண்டு. கையில் ஒரு பொட்டலத்தில் மாதிரி கொண்டுவந்திருந்தார். "அண்ணாச்சி, பாதியாவது மாற்றிக் கொடுங்கள், தெருவில் பேர் கெட்டுப் போகிறது" என்றார்.

நாம் பில்லை எடுத்தோம். அடியிலிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினோம். கனடாவில் நடந்ததும் நம் கடையில் நடந்ததும் ஒரே விரல்தான்.

அவர் எதுவும் பேசவில்லை. பழைய பாக்கியையும் அன்றே தீர்த்துவிட்டுப் போனார். அதன்பின் நம் படியேறவில்லை. இரண்டு ஆண்டில் அவர் கடை மூடிக் கிடந்ததைப் பார்த்தோம். பன்னிரண்டு மூட்டையால் மட்டும் ஒரு கடை மூடாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இவ்வாறுதான் நமக்கு நாமே பல ஆண்டுகள் சமாதானம் சொல்லி வந்தோம். அந்த ஏரிக்கரையில் அந்தச் சமாதானம் செல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அவரைத் தேடிப் போனோம். மகன் வீட்டில் இருந்தார். பன்னிரண்டு மூட்டைக்கான அன்றைய விலையைக் கொடுத்தோம். வாங்க மறுத்தார். பேரப்பிள்ளையின் படிப்புக்கு என்று வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டார். காபி கொடுத்தார். "அண்ணாச்சி, அன்றைக்கு வந்திருக்கலாமே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

புதிய பில் புத்தகம் அச்சிட்டபோது அந்த வரியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, "சரக்கில் குறை இருப்பின் ஏழு நாட்களுக்குள் மாதிரியுடன் தெரிவிக்கவும்" என்று போட்டோம். நஷ்டம் வரும் என்று மகன் பயந்தார். திரும்பி வரும் சரக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திரும்பி வரும் என்ற பயத்தால் நம் கொள்முதலில் கவனம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு படி எடுத்து வீட்டில் வேகவைத்துப் பார்க்கிறோம். ஐஸ்கிரீம் பெட்டிச் சோதனையின் மளிகைக் கடை வடிவம் அது.

முடிவாக

2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிகவும் வெப்பமானது. அந்தக் கடைக்காரரிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் பகுதியில் பனி நம்பும்படி உறையவில்லை. நடப்பதற்கே தெளிவான பனி நான்கு அங்குலமாவது வேண்டும்; வெண்மையான பனிக்குப் பலம் பாதிதான். அந்த அளவு வராத நாட்களில் கடை வாசலில் "இன்று ஏரிக்குப் போக வேண்டாம்" என்று பலகை எழுதி வைத்தாராம். தம் வியாபாரத்துக்குத் தாமே போட்ட பூட்டு அது. ரீல் தேங்கவில்லையா என்று கேட்டோம். இப்போது பத்து, பன்னிரண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை; விற்காததைத் திருப்பி எடுக்கும் மொத்த வியாபாரியிடம், கழிவு குறைந்தாலும், வாங்குகிறார். முன்பாதி மளிகை அந்த ஆண்டைக் காப்பாற்றியது.

நம் வாசகர்களில் எவரும் பனித் தூண்டில் ரீல் விற்கப் போவதில்லை. ஆனாலும் அந்தக் கடை சொன்ன நான்கு செய்திகள் நம் எல்லோர் கடைக்கும் பொருந்தும்.

ஒன்று: பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். வாங்குபவர் எங்கே, எப்படிப் பயன்படுத்துவார் என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டு: வாடிக்கையாளர் கையில் கெட்டுப் போவதற்கு முன் உங்கள் கையில் கெட்டுப் போகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

மூன்று: விலை கூடியதை விற்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

நான்கு: உங்கள் பில் புத்தகத்தின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று இன்று இரவு கடை சாத்துமுன் ஒரு முறை படித்துப் பாருங்கள். அதை ஒரு சிறு வியாபாரியின் முகத்துக்கு நேரே உங்களால் வாய்விட்டுப் படிக்க முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள். நாம் அதைச் செய்யப் பதினோரு ஆண்டுகள் தாமதித்துவிட்டோம்.

வணிகம் வளர்க. நாணயம் அதற்கு முன்னே செல்க.